உச்சிப்புளியில் ஒரு ரேஸ் பெண்குதிரை: ஷோ ஜம்பிங் குட்டிக்கு எந்தப் பொலிகுதிரை?

உச்சிப்புளி லாயம்:

எல்லோருக்கும் வணக்கம். ஷார்ஜாவில் ஒரு சவாரிப் பள்ளியில் பல வருடம் சைஸ் (குதிரை பராமரிக்கும்) வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவன் நான். உச்சிப்புளியில் அப்பாவின் தென்னந்தோப்பில் சின்னதாக ஒரு லாயம் போட்டிருக்கிறேன். இரண்டு நாட்டுக் குதிரைகள், ஒரு ரேஸ் குதிரை. கேள்வி அந்த ரேஸ் குதிரையைப் பற்றியது.

பெயர் செவலை. கிண்டியில் ஓடி ஓய்வு பெற்ற தரோபிரெட் (பந்தயத்துக்கென்றே வளர்க்கும் இனம்) பெண்குதிரை. வயது ஒன்பது, உயரம் 15.3 கை (15 கை 3 அங்குலம்; ஒரு கை நான்கு அங்குலம்). ஓட்டத்தில் பெரிதாக எதுவும் ஜெயிக்கவில்லை, ஆனால் நான்கு காலும் சுத்தம். தசைநாரில் வீக்கமோ பழைய அடியோ இல்லை. இங்கே வந்தபின் கம்பு தாண்டப் பழக்கினேன். 1.10 மீட்டர் வரை சிரமப்படாமல் தாண்டுகிறது. முன்கால்களை மார்போடு அழகாக மடக்கும். தடையைப் பார்த்து மிரண்டு நின்றதே கிடையாது. பருந்து கடற்படைத் தளத்து ஹெலிகாப்டர் தலைக்கு மேல் போனாலும் காதை மட்டும் திருப்பிவிட்டு வேலையைப் பார்க்கும்.

குறையையும் சொல்லிவிடுகிறேன். தாண்டும்போது முதுகு வளையாது, தட்டையாகப் போகும். அதனால் அகலமான ஆக்சரில் (முன்னும் பின்னும் கம்பு வைத்த தடை) பின்கால் கடைசிக் கம்பைத் தட்டிவிடும். அப்புறம் துடிப்பு அதிகம். மூன்றாவது தடை தாண்டியதும் தலையைத் தூக்கிக்கொண்டு இழுக்க ஆரம்பித்துவிடும்.

இதற்கு ஒரு குட்டி எடுக்க வேண்டும் என்று ஆசை. என் மகள் இப்போது ஒன்பதாம் வகுப்பு. அவள் கல்லூரி முடிக்கும் வயதில் அந்தக் குட்டியில் ஏறி 1.20, 1.30 போட்டிகளில் நிற்க வேண்டும். என் கையிருப்புக்கு ஒரு குட்டிதான் கட்டுப்படியாகும், எனவே பொலிகுதிரையை யோசித்துத்தான் எடுக்க வேண்டும்.

மதுரைப் பக்கம் ஒருவரிடம் ரேஸில் நிறைய ஜெயித்த தரோபிரெட் பொலிகுதிரை இருக்கிறது, கட்டணமும் குறைவு. பெங்களூரில் ஒரு தனியார் லாயத்தில் ஐரோப்பாவிலிருந்து வந்த வார்ம்பிளட் (அங்கே சவாரி விளையாட்டுக்கென்று வளர்க்கும் வகை) ஒன்று இருக்கிறது. ஜெர்மனியின் ஹோல்ஸ்டைன் வழி, 16.2 கை, தானே 1.40 வரை போட்டியில் தாண்டியது, கட்டணம் மதுரையைப் போல மூன்று மடங்கு. மூன்றாவதாக, ஜெர்மனியிலிருந்து உறைவிந்து வரவழைக்கலாம் என்று ஒரு நண்பர் சொல்கிறார். கார்னெட் ஒபொலென்ஸ்கி, சாக்கோ-புளூ, கசால் என்று பெரிய பெயர்களின் வழியில் வந்த குதிரைகளின் பட்டியலை அனுப்பியிருக்கிறார். படிக்கப் படிக்கத் தலை சுற்றுகிறது. இந்தக் கடற்கரையில் குதிரை வைத்திருக்கும் ஆட்கள் யாராவது சொல்லுங்கள்.

பரமக்குடிச் சவாரி:

அண்ணே, ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோவில் சந்தைக்கு ஒரு நடை போய் வாருங்கள். நல்ல மார்வாரி (ராஜஸ்தான் இனம்) பொலிகுதிரை நிற்கும். நம் வெயிலுக்குத் தாங்கும், வாயில் நுரை தள்ளாது, பார்க்கவும் ராஜ களை. வாங்குகிற ஆள் சுழி பார்க்காமல் வாங்க மாட்டார், எனவே பின்னால் விற்பதற்கும் சுழி சுத்தமான அப்பாவாக இருப்பது நல்லது. வெளிநாட்டுக் குதிரைக்கு இங்கே லட்சக்கணக்கில் கொட்டி, அது மே மாதத்தில் மூச்சு வாங்கிப் படுத்துக்கொண்டால் என்ன செய்வீர்கள்?

கீழக்கரை காக்கா:

தம்பி, பெண்குதிரையைப் பற்றி நல்லது கெட்டது இரண்டையும் எழுதியிருக்கிறாய். பொலிகுதிரை தேடுகிற பலர் அம்மாவைப் பற்றி ஒரு வரிகூடச் சொல்ல மாட்டார்கள். நானும் தோஹாவிலும் அபுதாபியிலும் ஜம்பிங் லாயங்களில்தான் தலை நரைத்தவன். ஜெர்மன், டச்சு, பிரெஞ்சு, பெல்ஜியக் குதிரைகளைத் தினமும் கையில் பிடித்து நடத்தி, குட்டி போட்ட இரவுகளில் வைக்கோலில் உட்கார்ந்திருந்து பழகியவன். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்.

செவலையிடம் இருப்பது தைரியம், முன்கால், சுத்தமான கால், வெயில் தாங்கும் உடம்பு. இல்லாதது முதுகு, பின்கால் வலு, நிதானம். ஆக அந்த மூன்றையும் தன் குட்டிகளுக்கு விடாமல் கொடுக்கிற அப்பா வேண்டும். தேடுவது இவ்வளவுதான். பெயர், பதக்கம், நிறம், சுழி எல்லாம் இதற்குப் பிறகு.

இதை வைத்துப் பார்த்தால் மதுரைக் குதிரையை முதலில் ஒதுக்கிவிடு. ரேஸ் குதிரையைத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்தது தரையோடு ஒட்டி நீளமாகப் பாய்வதற்கு. செவலையின் தட்டையான தாண்டல் அங்கிருந்து வந்ததுதான். அதே ரத்தத்தை மறுபடியும் ஊற்றினால் தட்டை இரட்டிப்பாகும், துடிப்பும் இரட்டிப்பாகும்.

இதனால் தரோபிரெட்டை நான் மட்டம் தட்டுகிறேன் என்று நினைக்காதே. இன்றைக்கு ஐரோப்பாவில் தாண்டும் குதிரைகளில் அந்த ரத்தம் ஓடாத குதிரையே இல்லை. ஹோல்ஸ்டைன்காரர்கள் இங்கிலாந்திலிருந்து லேடிகில்லர் என்ற தரோபிரெட்டைக் கொண்டுபோனார்கள், அதன் மகன் லாண்ட்கிராஃப் ஒரு பரம்பரையையே நிறுத்தினான். 1968இல் பிரான்சில் பிறந்து ஹோல்ஸ்டைனுக்குப் போன கோர் தெ லா பிரியேரின் அப்பா ரான்ட்ஸாவும் தரோபிரெட்தான். கோர் தெ லா பிரியேர் தாண்டும்போது முதுகை வில்லாக வளைக்கும், அதைக் குட்டிகளுக்கும் கொடுத்தது. அங்கே கனமான பண்ணைக் குதிரைகளுக்கு தரோபிரெட் ரத்தம் தேவைப்பட்டது, ஊற்றினார்கள். உன் தோப்பில் நிற்பது முழுக்க அந்த ரத்தம். உனக்கு வேண்டியது மறுபக்கம்.

பரமக்குடித் தம்பி சொன்ன மார்வாரி நல்ல குதிரை, நான் மறுக்க மாட்டேன். தூரச் சவாரிக்கும் ஊர்வலத்துக்கும் அதை அடிக்க ஆள் கிடையாது. ஆனால் 1.30 உயரத்தில் ஒன்றரை மீட்டர் அகல ஆக்சரைத் தாண்டுவதற்கென்று அந்த இனத்தை யாரும் தேர்ந்தெடுத்து வளர்க்கவில்லை. மகளுக்கு நல்ல சவாரிக் குதிரை கிடைக்கும், போட்டிக் குதிரை கிடைப்பது அதிர்ஷ்டம். சுழியைப் பற்றி: என் வாப்பாவும் சுழி பார்த்துத்தான் வண்டிக் குதிரை வாங்கினார், அந்த நம்பிக்கைக்கு நான் குறுக்கே நிற்கவில்லை. விற்கும்போது உதவும் என்றால் பார்த்துக்கொள். பின்கால் எப்படி விரியும் என்பதைச் சுழி சொல்லாது.

இனி பொலிகுதிரையை எப்படிப் பார்ப்பது என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பணம் வீணாவது இங்கேதான்.

பொலிகுதிரை தானே தாண்டுகிற வீடியோவைப் பார்த்து மயங்காதே. அதன் மேல் உட்கார்ந்திருப்பவர் நாட்டிலேயே நல்ல ரைடராக இருப்பார். அவர் குறையை மறைத்துவிடுவார். அதன் குட்டிகளைக் கேள். ஆறு, ஏழு வயதான குட்டிகள், சாதாரண ரைடர்கள் ஏறியவை, வேறு வேறு அம்மாக்களுக்குப் பிறந்தவை. அவற்றில் திரும்பத் திரும்ப ஒரே குணம் தெரிந்தால் அது அப்பா கொடுத்தது. ஒன்று மட்டும் நன்றாகத் தாண்டி, மற்றவை எல்லாம் ஆளுக்கொரு பக்கம் இருந்தால் அந்த ஒன்று அம்மாவின் தயவு.

அம்மாவின் தயவு சின்ன விஷயமில்லை. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் தனிநபர் தங்கம் வென்ற செக்கர் 47ஐ எடுத்துக்கொள். அதன் அப்பா கோம் இல் ஃபோ. கோம் இல் ஃபோவின் அப்பா கார்னெட் ஒபொலென்ஸ்கி என்று எல்லோரும் சொல்வார்கள். கோம் இல் ஃபோவின் அம்மா யார் தெரியுமா? ராட்டினா இஸட், தானே ஒலிம்பிக்கில் தங்கமும் வெள்ளியும் வாங்கிய பெண்குதிரை. டோக்கியோவில் தங்கம் வென்ற எக்ஸ்ப்ளோஷன் டபிள்யூவுக்கு அப்பா சாக்கோ-புளூ, அம்மாவின் அப்பா பலூபெ து ரூவே. 1998, 1999, 2000 என்று மூன்று முறை தொடர்ந்து உலகக் கோப்பை இறுதியை வென்ற குதிரை அது. பெரிய பொலிகுதிரைகளுக்குப் பெரிய அம்மாக்கள் தேடி வருவார்கள், குட்டிகள் ஜெயிக்கும், பெயர் அப்பாவுக்குப் போகும். உன் நண்பர் அனுப்பிய பட்டியலில் இந்தக் கணக்கு தெரியாது.

குட்டிகளைப் பார்க்கும்போது தாண்டுவதற்கு முன்னால் கேன்டரை (நிதானமான பாய்ச்சல் ஓட்டம்) பார். பின்கால் வயிற்றுக்கு அடியில் வந்து ஊன்றுகிறதா, முன்பக்கம் உயர்ந்து மேட்டில் ஏறுவதுபோல் ஓடுகிறதா என்று பார். கேன்டர் சரியில்லாத குதிரை சின்ன உயரத்தில் ஏமாற்றும், 1.20க்கு மேல் மாட்டிக்கொள்ளும். பிறகு தாண்டும் இடம். உச்சியில் இருக்கும்போது கழுத்து கீழே இறங்கி முதுகு உருண்டு வர வேண்டும், பின்கால்கள் கம்பைத் தாண்டும் நேரம் பின்னால் திறந்து விரிய வேண்டும். செவலைக்கு இல்லாதது இதுதான், எனவே இதில் தளர்வு காட்டாதே. முன்கால் கொஞ்சம் சுமாராக இருந்தாலும் பொறுத்துக்கொள்ளலாம், அதை அம்மா பார்த்துக்கொள்வாள்.

கம்பைத் தட்டினால் அடுத்த சுற்றில் என்ன செய்கிறது என்றும் பார். கூச்சப்பட்டு இன்னும் உயரமாகத் தாண்டுகிற குட்டிகளின் அப்பா நல்ல அப்பா. பயந்து நிற்கிற குட்டிகள் நிறைய இருந்தால் வேண்டாம்.

இன்னொன்று. அம்மா மெலிவு என்பதற்காக 17 கைக்கு மேல் உள்ள பாரமான பொலிகுதிரையைத் தேடாதே. குழம்பில் உப்பு கூடினால் தண்ணீர் ஊற்றிச் சரிக்கட்டலாம், குட்டியில் அது நடக்காது. அப்பாவின் உடம்பும் அம்மாவின் மெல்லிய எலும்பும் சேர்ந்த குட்டி பிறந்தால் ஆறு வயதுக்குள் காலை இழுக்கும். 16.2 சரியான உயரம். எலும்பு சற்றுக் கூடுதல், குளம்பு அகலம், கணுக்கட்டு அதிகம் சாயாமல் இருக்க வேண்டும். நம் மணலில் கால் புதைந்து எழும்போது முழு இழுப்பும் தசைநாருக்குத்தான் போகும்.

கடைசியாக வெயில். ஈரக்காற்று அடிக்கிற நம் கரையில் குளிர்நாட்டுக் குதிரைகள் சிலவற்றுக்கு வியர்வையே வற்றிப்போகும். தோல் காய்ந்து கிடக்கும், மூச்சு மட்டும் இரைக்கும். வளைகுடாவில் ஏசி லாயம் போட்டுச் சமாளிப்பார்கள். பெங்களூர் மேட்டில் நன்றாக இருக்கிற குதிரையை வைத்து உச்சிப்புளியைக் கணக்குப் போட முடியாது. அதன் குட்டி ஏதாவது சென்னையில் இருக்கிறதா, மே மாதத்தில் எப்படி வியர்க்கிறது என்று விசாரி. பாதி செவலையின் ரத்தம் என்பதால் உனக்குக் கொஞ்சம் பாதுகாப்பு உண்டு.

டாக்டரம்மா (கால்நடை, ஓய்வு):

காக்கா சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. உறைவிந்து பற்றி மட்டும் நான் சொல்கிறேன், ஏனென்றால் மாட்டுக்குச் சினை ஊசி போடுகிற எளிமையை மனதில் வைத்துக்கொண்டு பலர் இதில் இறங்குகிறார்கள்.

தம்பி, பெண்குதிரைக்குச் சுமார் 21 நாளுக்கு ஒரு முறை பருவம் வரும், ஐந்து முதல் ஏழு நாள் நிற்கும். முட்டை வெளிப்படுவது பெரும்பாலும் கடைசி ஒன்றிரண்டு நாளில். பொலிகுதிரை நேரடியாகச் சேர்ந்தால் விந்து இரண்டு நாள் உயிரோடு காத்திருக்கும். உறைவிந்துக்கு அந்தப் பொறுமை இல்லை. முட்டை வெளிப்படுவதற்கு 12 மணி நேரத்துக்குள்ளோ, வெளிப்பட்ட ஆறு மணி நேரத்துக்குள்ளோ போட்டாக வேண்டும். அதற்கு முட்டைப் பை 35 மில்லிமீட்டர் தாண்டியதும் ஹார்மோன் ஊசி போட்டு, பிறகு இரவும் பகலும் ஆறு மணிக்கு ஒரு முறை ஸ்கேன் பார்க்க வேண்டும். உச்சிப்புளித் தோப்பில் விடியற்காலை இரண்டு மணிக்கு ஸ்கேன் கருவியோடு வந்து நிற்கிற குதிரை மருத்துவர் உங்களுக்கு இருக்கிறாரா என்பதுதான் முதல் கேள்வி.

மாட்டுக்கு ஒரு விந்துக் குச்சி போதும். ஜெர்மன் உறைவிந்து பெரும்பாலும் அரை மில்லி குச்சிகள் எட்டு சேர்ந்து ஒரு டோஸ். 37 டிகிரி நீரில் 30 விநாடி வைத்து உருக்கி, நீளமான வளையும் குழாயால் முட்டை வெளிப்படும் பக்கத்துக் கருப்பைக் கொம்பின் நுனியில் விட வேண்டும். இதற்கு முன்னால் மத்திய அரசின் இறக்குமதி அனுமதி, நோய்ச் சான்றுகள், திரவ நைட்ரஜன் என்று ஒரு வரிசை இருக்கிறது. ஒரே ஒரு பெண்குதிரைக்காக, அதுவும் இதுவரை குட்டி போடாத ஒன்பது வயதுக் குதிரைக்காக, இந்தப் பாதையை நான் பரிந்துரைக்க மாட்டேன். வயதான முதல் சினையில் கருப்பை வாய் சரியாகத் தளராமல் உள்ளே நீர் தேங்குவது உண்டு. நேரடிச் சேர்க்கையிலேயே இதைக் கவனித்துக்கொள்ள வேண்டும்.

நம் நாட்டிலும் இந்த வேலை தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், இல்லை என்று நான் சொல்லவில்லை. ஹிசாரில் தேசிய குதிரையின ஆராய்ச்சி மையம் இருக்கிறது. அதன் பிகானேர் நிலையத்தில் 2023இல் கருமாற்ற முறையில் ஒரு மார்வாரிக் குட்டியே பிறந்தது. ஆனால் அது ராஜஸ்தான், நீங்கள் இருப்பது ராமநாதபுரம்.

எந்தப் பொலிகுதிரை என்றாலும் ஒரு மரபணுச் சோதனை கேளுங்கள். வார்ம்பிளட் இனங்களில் தோலும் மூட்டும் உறுதியில்லாமல் குட்டி இறந்தே பிறக்கிற அல்லது பிறந்ததும் இறக்கிற ஒரு பரம்பரைக் கோளாறு உண்டு. பத்தில் ஒரு வார்ம்பிளட் அதைச் சுமக்கிறது, வெளியில் எந்த அறிகுறியும் தெரியாது. தரோபிரெட்டிலும் குறைந்த அளவில் உண்டு. இருவரும் சுமந்தால் நான்கில் ஒரு குட்டி பாதிக்கப்படும். ஒருவர் சுத்தமாக இருந்தால் அந்தப் பயம் இல்லை. பிடரி மயிரை வேரோடு பிடுங்கி அனுப்பினால் சோதித்துச் சொல்வார்கள். பொலிகுதிரைக்காரரிடம் முடிவு கையில் இருக்க வேண்டும், இல்லையென்றால் செவலைக்குச் செய்துவிடுங்கள். பின்கால் முட்டியும் கணுவும் எக்ஸ்ரே எடுத்திருக்கிறார்களா என்றும் கேளுங்கள், எலும்பு முனையில் துண்டு பிரிகிற கோளாறும் பரம்பரையில் வரும்.

காலம் பற்றி. குளிர்நாடுகளில் பகல் நீளும் வசந்தத்தில்தான் பெண்குதிரை பருவத்துக்கு வரும். நம் ஊரில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல், அவ்வளவுதான். எனவே பெரும்பாலான மாதங்களில் பருவம் கிடைக்கும், தேர்ந்தெடுக்கிற வசதி உங்களிடம் இருக்கிறது. சினைக்காலம் பதினொரு மாதம். தை, மாசியில் சேர்த்தால் அடுத்த மார்கழி, தையில் குட்டி. ஐப்பசி கார்த்திகை மழைச் சேறு முடிந்திருக்கும், கத்திரி வெயிலுக்குள் குட்டி மூன்று நான்கு மாதம் வளர்ந்திருக்கும்.

சேர்த்த 14ஆம் நாளிலிருந்து 16ஆம் நாளுக்குள் ஸ்கேன் கட்டாயம். தரோபிரெட்டில் இரட்டைக் கரு அடிக்கடி வரும், குதிரைக்கு இரட்டை தங்காது. அந்த நாட்களுக்குள் ஒன்றை நீக்கினால் மற்றது பிழைக்கும்.

பெங்களூர் ரைடர்:

நீங்கள் சொல்வது எந்தக் குதிரை என்று ஊகிக்க முடிகிறது, பெயர் வேண்டாம். அதன் குட்டி ஒன்றில் நான் இரண்டு சீசனாக ஏறுகிறேன். அம்மா உங்களுடையதைப் போல ரேஸிலிருந்து வந்த தரோபிரெட். இப்போது வயது ஏழு, 1.20 போகிறோம்.

நேர்மையாகச் சொல்கிறேன். முதுகும் பின்காலும் அருமை, பெரிய ஆக்சர் என்றால் அதற்குச் சந்தோஷம். கேன்டர் மெதுவாகச் சேரும், கையில் கனக்காது. முன்கால்தான் சோம்பல், நெருங்கிப் போய்விட்டால் முட்டி தொங்கும், செங்குத்துத் தடைகளில் அதனால் தவறு வரும். வளர்ச்சி தாமதம். நான்கு வயதில் ஒட்டகம் மாதிரி காலும் கையுமாக இருந்தது, ஆறு வயதுக்குப் பிறகுதான் உடம்பு சேர்ந்தது. குணம் தங்கம், என் பத்து வயதுத் தங்கை குளிப்பாட்டுவாள். இதே அப்பாவின் வேறு இரண்டு குட்டிகளையும் வார்ம்-அப்பில் பார்த்திருக்கிறேன், அவையும் இதே முதுகு, இதே முன்கால்.

வியர்வையில் பிரச்சினை இல்லை. சென்னைப் போட்டிக்கு வந்தபோது நன்றாகவே வியர்த்தது. ஆனால் அது டிசம்பர்.

உச்சிப்புளி லாயம்:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. டாக்டரம்மா, ஜெர்மனி யோசனையை இன்றே விட்டுவிட்டேன். பெங்களூர் லாயத்துக்குப் போன் செய்து மரபணுச் சோதனை கேட்டேன், சுமக்கவில்லை என்ற சான்றை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார்கள். எக்ஸ்ரே கேட்டிருக்கிறேன்.

காக்கா, முன்கால் சோம்பல் என்கிறாரே, அது செவலையிடம் சரியாகிவிடுமா? வளர்ச்சி தாமதம் என்பதும் யோசனையாக இருக்கிறது. அப்புறம் இங்கே ஊரில் ஒரு பேச்சு உண்டு, "இந்தக் கரையில் குதிரை பிழைக்கும், குட்டி தேறாது" என்று. தீவனமாக கோ-4 கம்பு நேப்பியர், கொழுக்கட்டைப் புல், கொள்ளு, தவிடு கொடுக்கிறேன். இது போதுமா?

கீழக்கரை காக்கா:

தம்பி, பெங்களூர்க் குதிரையையே எடு. மூன்று குட்டிகளில் ஒரே முதுகு என்று ஏறிய ஆளே சொல்லிவிட்டார், நான் கேட்ட சாட்சி அதுதான். முன்கால் கண்டிப்பாகச் சரியாகும் என்று யாராலும் எழுதித் தர முடியாது. ஆனால் உன் அம்மாக்குதிரையின் பலம் சரியாக அந்த இடத்தில் இருக்கிறது. இருவருக்கும் ஒரே குறை என்றால் நான் வேண்டாம் என்றிருப்பேன். ஒருவருக்குக் குறையான இடம் மற்றவருக்கு நிறைவாக இருக்கும்போது துணிந்து சேர்க்கலாம்.

தாமதமான வளர்ச்சி உன் மகளுக்கு வசதிதான். மூன்று வயதில் ஆள் ஏறாமல் சுதந்திரமாகச் சின்னக் கம்புகளைத் தாண்டவிடு, அதுவும் எப்போதாவது. நான்கு வயதில் ஏறிப் பழக்கு. ஐந்தில் சின்ன வகுப்புகள். முதுகெலும்பு முழுசாக முதிர ஐந்தாறு வயதாகும், அதற்கு முன் 1.20 கேட்காதே. ஓட வைப்பது பாக் விரிகுடாப் பக்கம் அலை நனைத்த கெட்டி மணலில் மட்டும். காய்ந்த மணல் மேட்டில் வேண்டாம்.

உன் கடைசிக் கேள்விதான் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. அந்த ஊர்ப்பேச்சு பழசு. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டியர் கரைக்கு வந்த மார்கோ போலோ இதையே எழுதிவைத்திருக்கிறார். வளைகுடாவிலிருந்து ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரை வந்து இறங்கியது, ஆனால் உயர்ந்த பெண்குதிரையை உயர்ந்த ஆண்குதிரையோடு சேர்த்தாலும் இங்கே பிறப்பது ஏறத் தகுதியில்லாத கோணக்கால் குட்டிதான் என்கிறார். அவர் சொல்லும் தீவனம் என்ன? வேகவைத்த சோறும் இறைச்சியும். இரண்டிலும் சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு. மண்ணின் மேல் பழி போடுவதற்கு முன்னால் தீவனத் தொட்டியைப் பார்க்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

நீ கொடுப்பதிலும் அதே ஆபத்து இருக்கிறது. கோ-4, கொழுக்கட்டைப் புல் இரண்டிலும் ஆக்சலேட் அதிகம். மாட்டின் வயிறு அதை முறித்துவிடும், குதிரையின் வயிறு முறிக்காது. அது சுண்ணாம்புச் சத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு சாணியோடு வெளியே போகும். தவிட்டில் பாஸ்பரஸ் அதிகம், அது மேலும் கெடுக்கும். உடம்பு எலும்பிலிருந்து சுண்ணாம்பை உருவ ஆரம்பிக்கும். பெரிய குதிரைக்கு முகம் வீங்கும், நொண்டும். வயிற்றில் இருக்கும் குட்டிக்கும் பால் குடிக்கும் குட்டிக்கும் கால் எலும்பே தேறாது. எவ்வளவு பெரிய பொலிகுதிரை என்றாலும் இதைச் சரிசெய்யாது.

ஆகவே பெங்களூருக்கு வண்டி ஏற்பாடு செய்வதற்கு முன்னால் குதிரைமசாலுக்கு (சுண்ணாம்புச் சத்துள்ள தீவனப் பயிர்) ஏற்பாடு செய். உன் கிணறு உப்புக் கரிக்காவிட்டால் கொஞ்சம் விதைத்துப் பார், இல்லையென்றால் கோயம்புத்தூர்ப் பக்கமிருந்து காய்ந்த கட்டாக வாங்கு. நேப்பியரைப் பாதிக்கு மேல் குறை. தவிட்டை நிறுத்து. தீவனத் தரமுள்ள சுண்ணாம்புக்கல் பொடியை டாக்டரம்மா சொல்கிற அளவில் கல. மொத்தத் தீவனத்தில் பாஸ்பரஸைப் போல ஒன்றரை இரண்டு மடங்கு சுண்ணாம்பு இருக்க வேண்டும், இந்தப் புற்களோடு என்றால் அதற்கும் மேலே. தரையில் தீவனம் போடாதே, மணலைச் சேர்த்து விழுங்கி வயிற்றுவலி வரும். தொட்டி கட்டு, அடியில் ரப்பர் பாய் விரி. தோப்பு ஓரத்துச் சீமைக் கருவேலத்தை வெட்டி முள்ளைப் பொறுக்கு, குட்டியின் குளம்பு மெத்தென்றிருக்கும்.

குட்டியைத் தனியாகக் கட்டி வளர்க்காதே. ஆறு மாதத்தில் பால் மறக்கடிக்கும்போது அதன் வயதில் இன்னொன்று பக்கத்தில் இருக்க வேண்டும். உன் நாட்டுக் குதிரைகளில் பெட்டை இருந்தால் அதையும் அதே மாதத்தில் சினைப்படுத்திவிடு, அதற்கு அந்தியூர் மார்வாரி போதும், பரமக்குடித் தம்பிக்கும் சந்தோஷம்.

டாக்டரம்மா (கால்நடை, ஓய்வு):

பெங்களூருக்கு ஏற்றுவதற்கு முன் கிளாண்டர்ஸ், தொற்று ரத்தசோகை, சர்ரா மூன்று நோய்களுக்கும் சோதிக்க ரத்தம் எடுத்துவிடுங்கள், முடிவு வர நேரமாகும். கருப்பை ஸ்வாப்பும் எடுத்துப் போங்கள், அந்த லாயத்தில் கேட்பார்கள். சுண்ணாம்புப் பொடி அளவு சொல்ல செவலையின் எடையும் ஒரு நாள் தீவனக் கணக்கும் வேண்டும். எழுதி அனுப்புங்கள்.

உச்சிப்புளி லாயம்:

எடை பார்க்க ராமநாதபுரம் எடைமேடைக்குக் கொண்டுபோகிறேன், இந்த வாரமே அனுப்புகிறேன் அம்மா. காக்கா, கட்டணம் எப்படிப் பேசுவது? முழுவதும் முன்பணமாகக் கேட்கிறார்கள்.

கீழக்கரை காக்கா:

முழுவதும் கொடுக்காதே. சேர்க்கும்போது ஒரு பகுதி, ஸ்கேனில் சினை உறுதியானதும் ஒரு பகுதி, குட்டி எழுந்து நின்று பால் குடித்தபின் மீதி என்று பேசு. அதற்கு ஒப்பாவிட்டால், சினை தங்காமல் போனாலோ குட்டி உயிரோடு பிறக்காவிட்டாலோ அடுத்த வருடம் கட்டணமில்லாமல் மறுபடி சேர்க்க வேண்டும் என்றாவது எழுத்தில் வாங்கு. சேர்க்கை நடந்த தேதிகளையும் அவர்கள் கையெழுத்தோடு வாங்கிக்கொள், குட்டியின் தகப்பன் யார் என்று நாளை காகிதம் கேட்பார்கள். செவலை அங்கே தங்குகிற நாட்களுக்கு லாய வாடகை தனியா, சேர்த்தா என்பதையும் அதிலேயே எழுதச் சொல். கூடவே நீ போய் இரு, தீவனத்தை இங்கிருந்தே எடுத்துப் போ, திடீரென்று மாற்றினால் வயிறு கெடும்.